ரோடு இருக்கிறது, வழி இல்லை

மழைக்காலத்தில் வானொலியில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், தொலைபேசி ஓயாது. ‘உங்க வீட்டு ரோடு எப்படி இருக்கு?’ உடனே வரிசை கட்டிவிடுவார்கள். ஓர் அம்மா, தாமானுக்குக் குடிவந்த நாளிலிருந்து தெருவிளக்கு எரிந்ததே இல்லை என்பார். ஓர் அண்ணன், குழியில் மோட்டார் சைக்கிளை விட்டுக் கையை ஒடித்துக்கொண்ட கதையைச் சொல்வார். கதை எதுவானாலும் கடைசியில் வந்து நிற்கும் வாக்கியம் ஒன்றுதான்.

“மன்றத்துல கேட்டா, அது எங்க ரோடு இல்லைன்னு சொல்றாங்கம்மா.”

பத்து வருடத்துக்கு மேலாக இந்த வாக்கியத்தைக் கேட்டு, “அடடா” என்று சொல்லி, அடுத்த பாட்டைப் போட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அது என்ன அர்த்தம் என்று ஒருமுறைகூட நின்று யோசித்ததில்லை. ரோடு என்றால் ரோடுதானே? அதில் உன் ரோடு, என் ரோடு என்ன?

போன வருடம் அதே வாக்கியம் எங்கள் வீட்டுக்குக் கடிதமாக வந்தது. அப்போதுதான் யோசித்தேன்.

எங்கள் அப்பா ஜொகூர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். டிராக்டர் ஓட்டினார், பிறகு லாரி ஓட்டினார். 2003இல் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் சேமநிதிப் பணத்தையும் சீட்டுப் பணத்தையும் போட்டு ஒன்றரை ஏக்கர் செம்பனைத் துண்டு ஒன்றை வாங்கினார்கள். ஒரு காலத்தில் அது பெரிய தோட்டத்தின் ஒரு மூலை. கிராண்ட் சுத்தமாக இருந்தது. மூன்று பேர் பெயரும் அதில் ஏறியது. “லயத்துல பொறந்தோம், சொந்த மண்ணுல கண்ண மூடுவோம்” என்று அப்பா அடிக்கடி சொல்வார். அவருக்கு இப்போது 71 வயது.

தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். தினமும் பாலம் தாண்டிப் போய்வந்து சேர்த்த பணத்தில் அந்த நிலத்தில் அப்பா அம்மாவுக்கு ஒரு வீடு கட்ட நினைத்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று அறை, முன்னால் ஓர் அஞ்சடி, அம்மாவுக்குப் பூச்செடி வைக்க இடம். பெரியப்பாவும் சித்தப்பாவும் மனமாரக் கையெழுத்துப் போட்டார்கள். பிளான் வரைந்தாயிற்று. விண்ணப்பம் போயிற்று. சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அதில் இருந்த காரணங்களில் பெரியது ஒன்று: நிலத்துக்குச் சட்டப்படியான நுழைவுச் சாலை காட்டப்படவில்லை.

அப்பா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னா பாப்பா இது? ரோடு இல்லையா? அப்ப நாம இத்தனை வருசமா எது மேல போய்க்கிட்டு இருந்தோம்?”

எனக்கும் அதே கேள்விதான். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். முகப்பில் இருந்த மலாய்க்காரத் தங்கை பொறுமையாகப் பிளானை விரித்துக் காட்டினாள். எங்கள் நிலம் ஒரு பெட்டி. அதற்கு முன்னால் இன்னொரு பெட்டி. அதற்கும் முன்னால்தான் தார் ரோடு. நாங்கள் போய்வரும் செம்மண் பாதை அந்த முன் பெட்டியின் நடுவில் ஓடுகிறது. பிளானில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை.

“காக், ஜாலான் அடா. ஹாக் யாங் தாக் அடா,” என்றாள்.

அக்கா, ரோடு இருக்கிறது, உரிமைதான் இல்லை. சட்டப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதை அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. “நாப்பது வருசமா அதுல டிராக்டர் ஓடுது. நானே ஓட்டியிருக்கேன். நாப்பது வருசம் நடந்தா பாதை நம்மளுது. ஊருல அப்படித்தான் சட்டம்.”

ஊரில் என்றால் தமிழ்நாட்டில். அப்பா சொன்னதில் பாதி உண்மை. 1882ஆம் வருடத்து இந்திய வழியுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, இன்னொருவர் நிலத்தின் வழியாக ஒருவர் 20 வருடம் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு நடந்து வந்தால் அந்த வழி அவருக்கு உரிமையாகும் என்கிறது. நில உரிமையாளரின் தயவில் நடந்தால் அங்கேயும் செல்லாது. அது வேறு விஷயம். இலங்கையில் 1871ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று உண்டு. அங்கே கணக்கு 10 வருடம். நம் உறவுக்காரர்கள் வாயிலிருந்தும் சினிமாவிலிருந்தும் காதில் விழுந்த சட்டம் இதுதான். அதையே இங்கேயும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

மலேசியாவில் கதை வேறு. 1965ஆம் வருடத்துத் தேசிய நிலச் சட்டத்தின் 284ஆவது பிரிவு இதற்குக் கதவைச் சாத்திவிட்டது. எவ்வளவு காலம் நடந்தாலும், நடந்ததை மட்டும் வைத்து வழியுரிமை கேட்க முடியாது. பத்து வருடமானாலும் நூறு வருடமானாலும் ஒன்றுதான். நம் நாட்டில் நிலத்தைப் பொறுத்தவரை பதிவேட்டில் எழுதியிருப்பதுதான் பேசும். கால் தடம் பேசாது.

இதைச் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. ஜொகூரில் நிலத்துக்கும் ரோட்டுக்கும் உள்ள உறவே கொஞ்சம் சிக்கலானது. 19ஆம் நூற்றாண்டில் சீனர்கள் மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்டது ஆற்றங்கரையில். ஆறுதான் அன்றைய ரோடு. கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்களில் அந்த ஆற்றங்கரைக் குடியிருப்பின் நினைவு இன்னும் இருக்கிறது. 1909இல் ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்தது. ரெங்கம், லாயாங் லாயாங், பாலோ என்று நம் மக்கள் வாழ்ந்த தோட்டங்கள் பலவும் அந்தப் பாதையை ஒட்டியவை. நிலத்தைப் பிரிக்கும்போது பிரியும் ஒவ்வொரு துண்டுக்கும் போக்குவரத்து வழி இருக்க வேண்டும் என்று சொல்லும் நிலச் சட்டம், வழி என்பதில் ஆற்றையும் ரயில் நிலையத்தையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. காரணம் இந்தப் பழைய கதைதான்.

தோட்டத்துக்குள் ஓடிய செம்மண் ரோடுகள் தோட்டக் கம்பெனியின் சொந்தச் சொத்து. மரம் மாதிரி, லயம் மாதிரி, ரோடும் அவர்களுடையது. சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்பனையாகின. அதைக் கண்டுதான் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தத் துண்டாடலில் நிலம் கைமாறியது. ரோடும் அந்தந்தத் துண்டோடு சேர்ந்து கைமாறியது. லாரி போகும் ரோடுதானே என்று நாம் நினைத்தோம். தாளில் பார்த்தால் அது யாரோ ஒருவருடைய செம்பனைக் காடு.

எங்கள் விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. நிலத்தின் பின்பக்கம் பிளானில் அழகாக ஒரு சாலை ஒதுக்கீடு, ரிசாப் ஜாலான், இருக்கிறது. 66 அடி அகலம். பழைய நில அளவையாளர்கள் கையில் பிடித்து அளந்த சங்கிலியின் நீளம் 66 அடி. அதனால் பழைய ஒதுக்கீடுகளில் அந்த எண்ணை அடிக்கடி பார்க்கலாம். நானும் தம்பியும் ஆசையாகப் போய்ப் பார்த்தோம். முழங்கால் வரை சேறு, நடுவில் ஒரு பாரிட், அதற்கு அப்பால் புதர். ஒரு குத்தகைக்காரரை அழைத்துக் காட்டினோம். “தம்பி, இதை மேடு பண்ணிக் கல்லு போட்டா, வீட்டைவிட ரோட்டுக்குத்தான் செலவு அதிகம்,” என்று சிரித்துவிட்டுப் போனார். தாளில் இருக்கும் ரோடு தரையில் இல்லை. தரையில் இருக்கும் ரோடு தாளில் இல்லை.

சரி, தாமானில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். வானொலிக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை தாமான்களிலிருந்துதான். 1974ஆம் வருடத்துச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் சாலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஊராட்சி மன்றம் பராமரித்து வந்தது, அல்லது மன்றத்திடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது பொதுச் சாலை. மற்றதெல்லாம் தனியார் சாலை. யார் வேண்டுமானாலும் அதில் கார் ஓட்டலாம், தபால்காரர் வரலாம், பள்ளி வேன் வரலாம். ஆனாலும் ஒப்படைக்கும்வரை அது தனியார் சாலைதான்.

தாமான் கட்டும் மேம்பாட்டாளர் சாலை, கால்வாய், விளக்கு எல்லாவற்றையும் மன்றத்தின் தரத்துக்கு முடித்து ஒப்படைக்க வேண்டும். மன்றம் பார்த்து, குறை இருந்தால் திருத்தச் சொல்லி, பிறகு ஏற்கும். இந்த இடைவெளியில் மேம்பாட்டாளர் திவாலானாலோ காணாமல் போனாலோ அந்த ரோடு அந்தரத்தில் நிற்கும். மன்றம் ஏன் இரக்கப்பட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நானும் கேட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் பணம் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவின்படி மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசாங்கம் ஒவ்வொரு வருடமும் மாநிலங்களுக்கு நிதி தருகிறது. எந்தச் சாலைக்கு நிதி என்பதற்கு ‘மாரிஸ்’ என்று ஒரு பதிவேடு உண்டு. பதிவேட்டில் ஏறாத சாலைக்கு அந்தப் பணம் கிடையாது. தரமில்லாத சாலையை இன்று எடுத்துக்கொண்டால் நாளை அதைச் சரிசெய்யும் செலவை மற்ற வரி செலுத்துவோர் சுமக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது: தனியார் சாலையைச் சரிசெய்ய அதன் ஓரத்து நில உரிமையாளர்களிடமே செலவைக் கேட்க அதே சட்டம் மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ‘எங்க ரோடு இல்லை’ என்ற வாக்கியத்துக்குள் இவ்வளவு இருக்கிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. சொந்த நிலத்தில் ஒரு வீடு கட்ட இவ்வளவா என்றுதான் தோன்றியது. தம்பிக்கு என்னைவிடக் கோபம். “அக்கா, சுத்திப் பாரு. எத்தனை பேர் பெர்மிட் இல்லாம கட்டியிருக்காங்க? யாரு வந்து கேட்டா? நாமளும் கட்டிடலாம்.”

அவன் சொன்னது பொய்யில்லை. எங்கள் பெரியப்பாவே அப்படித்தான். மனைவி போன பிறகு, நிலத்தின் ஓரத்தில் பலகையும் தகரமுமாக ஒரு கொட்டகை போட்டுத் தங்கினார். கோழி வளர்த்தார், மரவள்ளி நட்டார். நாங்கள் போனால் மரவள்ளிக்கிழங்கு அவித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கொடுப்பார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

2023 மார்ச்சில் ஜொகூரில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். யோங் பெங், பத்து பஹாட் பக்கமெல்லாம் வெள்ளம். எங்கள் நிலத்தில் வெள்ளம் இல்லை. ஆனால் செம்மண் பாதை குழம்பாகிவிட்டது. அந்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கோழிக்குத் தீனி வைக்கப் போன பக்கத்து நிலத்து இந்தோனேசியத் தொழிலாளி பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் தார் ரோடு வரை வந்தது. அதற்குமேல் வர முடியவில்லை. ஓட்டுநர் முயன்றார், சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. பாதைக்குப் பெயர் இல்லை, எண் இல்லை. அந்த முனையைக் கண்டுபிடிக்கவே அவர்களுக்கு நேரமாகியிருந்தது. கடைசியில் அப்பாவும் தம்பியும் அந்தத் தொழிலாளியும் பெரியப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மழையில், கால் கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் இன்றுவரை எழவில்லை.

தம்பி ‘நாமளும் கட்டிடலாம்’ என்று சொன்ன அன்று அப்பா இதைத்தான் நினைவுபடுத்தினார். அதிகம் பேசவில்லை. “அன்னைக்கு நாற்காலியில தூக்குனோமே, மறந்துட்டியா? எனக்கும் உங்கம்மாவுக்கும் அப்படி ஆனா யாரு தூக்குவா? நீ சிங்கப்பூர்ல இருப்ப,” என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு அன்றுதான் அந்தக் கடிதம் வேறு மாதிரி தெரிந்தது. ‘சட்டப்படியான நுழைவுச் சாலை எங்கே?’ என்று மன்றம் கேட்டதும், ‘ஆம்புலன்ஸ் எப்படி வரும்?’ என்று அப்பா கேட்டதும் ஒரே கேள்விதான். ஒருவர் மலாயில் எழுதிக் கேட்டார், ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டார். தீயணைப்பு வண்டி, குப்பை லாரி, தண்ணீர்க் குழாய், மின்கம்பம் எல்லாமே ரோட்டின் மேல்தான் வந்தாக வேண்டும். நாளைக்கு முன் நிலத்துக்காரர் வேலி போட்டால் அந்த வீடு தீவாகிவிடும்.

அனுமதி இல்லாமல் கட்டினால் வேறு தலைவலியும் உண்டு. 1974ஆம் வருடத்துச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. அனுமதி இல்லாத கட்டடத்துக்கு சி.சி.சி. என்னும் நிறைவுச் சான்றிதழ் கிடைக்காது. வங்கிக் கடன், தண்ணீர் மீட்டர், மின்சாரம் என்று எங்கே போனாலும் ‘சான்றிதழ் எங்கே?’ என்பார்கள். ஒரு நாள் இடிக்கச் சொல்லியும் கடிதம் வரலாம். யாரும் கேட்கவில்லை என்பது, கேட்கமாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் என்னதான் வழி? விசாரித்ததில் இரண்டு வழி தெரிந்தது. இரண்டும் தேசிய நிலச் சட்டத்திலேயே இருக்கின்றன.

முதலாவது, ‘இஸ்மென்’ என்னும் வழியுரிமை. முன் நிலத்துக்காரரோடு பேசி, இத்தனை அடி அகலத்தில் என் நிலத்துக்குப் போய்வரும் உரிமை என்று ஒப்பந்தம் செய்து, இரண்டு கிராண்டிலும் பதிவு செய்துகொள்வது. பதிவான பிறகு அந்த நிலம் யார் கைக்குப் போனாலும் வழி நிலைக்கும். வாய்வார்த்தையாகக் கொடுத்த அனுமதிக்கு அந்தப் பலம் கிடையாது.

இரண்டாவது, பேச்சுக்கு மசியாதவர்களுக்கு. நில நிர்வாகியின் வழியுரிமை என்று ஒன்று உண்டு. 388 முதல் 390 வரையுள்ள பிரிவுகளில் பார்க்கலாம். மாவட்ட நில அலுவலகத்தில் விண்ணப்பித்தால், நில நிர்வாகி விசாரணை வைத்து, இரு தரப்பையும் கேட்டு, தேவை என்று கண்டால் வழியை உருவாக்கித் தரலாம். வழி கொடுக்கும் நிலத்துக்காரருக்கு நட்டஈடு உண்டு. காலம் பிடிக்கும். ஆனால் கதவு முழுக்க மூடியிருக்கவில்லை என்பது தெரிந்தால் மனதுக்கே ஒரு தெம்பு.

நாங்கள் முதல் வழியில் போனோம். முன் நிலத்துத் தவுக்கே நல்ல மனிதர். அப்பாவோடு இருபது வருடப் பழக்கம். சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு கொடுப்பார், தீபாவளிக்கு முறுக்கு வாங்கிக்கொள்வார். ‘போய் வா, என்ன இப்போ’ என்று கையை அசைத்ததுதான் எங்களுக்கு இருந்த ஒரே பத்திரம். அவர் 2019இல் இறந்துவிட்டார். நிலம் மகன் பெயரில். மகன் ஜொகூர் பாருவில் தொழில் செய்கிறார். நில விலை ஏறுகிறது. வாங்க ஆள் வந்துகொண்டிருக்கிறது. விற்றுவிட்டால் புதிய முதலாளி எங்களை யாரென்றே கேட்பார். அதனால் அவசரம்.

போய்ப் பேசினோம். மறுக்கவில்லை, ஆனால் தொழில்காரர், தொழில்காரராகத்தான் பேசினார். 20 அடி அகலத்துக்கு ஒரு தொகை பேசி முடித்துச் சந்தோஷமாகத் திரும்பினோம். பிளான் வரைந்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அகலம் போதாதாம். முதலில் மன்றத்தில் கேட்டிருக்க வேண்டுமாம். மறுபடியும் போய், மறுபடியும் பேசி, மறுபடியும் பணம். எங்கள் முட்டாள்தனத்துக்கு நாங்கள் கட்டிய வட்டி அது. நீங்கள் கட்டாதீர்கள்.

இந்த ஒரு வருட அலைச்சலில் படித்த பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலம் வாங்கப் போகிறவர்களுக்கும், அப்பா வாங்கிப்போட்ட நிலத்தில் வீடு கட்டப் போகிறவர்களுக்கும் உதவும்.

கிராண்டில் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். நில அலுவலகத்தில் தேடல் செய்து, கூடவே இருக்கும் பிளானில் உங்கள் பெட்டியின் எந்தப் பக்கத்தையாவது சாலை ஒதுக்கீடு தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால், அந்த இடத்துக்கு நடந்து போய், தரையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால், வழியுரிமை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால், நிலத்தின் விலையோடு வழியின் விலையையும் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

விவசாய நிலமா என்று பாருங்கள். உரிமையாளர் குடியிருக்க வீடு கட்டுவதற்கு அதில் இடமுண்டு, 115ஆவது பிரிவின் வரம்புக்குள். ஆனால் விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்குக் கீழ், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழ், துண்டாக்க முடியாது. ‘கால் ஏக்கர் லோட், விலை மலிவு’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், உங்கள் பெயரில் தனிக் கிராண்ட் வருமா, இல்லை பத்துப் பேரோடு கூட்டுக் கிராண்டா என்று கேளுங்கள். எங்கள் ஒன்றரை ஏக்கரைக்கூட மூன்று சகோதரர்களும் பிரித்துக்கொள்ள முடியாது. இதுவும் போன வருடம்தான் தெரிந்தது.

தாமானில் வீடு வாங்குகிறவர்கள், சாலை ஒப்படைக்கப்பட்டுவிட்டதா என்று மன்றத்தில் எழுத்தில் கேளுங்கள். புது வீடென்றால், சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். அந்தக் காலத்துக்குள் ரோடு, கால்வாய், விளக்கு எல்லாவற்றின் குறையையும் படம் எடுத்து, குடியிருப்பாளர் சங்கமாகச் சேர்ந்து மேம்பாட்டாளருக்கும் மன்றத்துக்கும் எழுதுங்கள். ஒருவராக எழுதினால் கடிதம். ஐம்பது பேராக எழுதினால் கோப்பு.

எல்லாப் பாரத்தையும் வாங்குகிறவர் தலையிலேயே வைத்துவிடலாமா? அதுவும் நியாயமில்லை. மற்ற இடங்களில் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அங்கீகாரம் இல்லாத மனைகள் புற்றீசல்போல் பெருகியபோது, 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைப் பத்திரப் பதிவு செய்யவே தடை போட்டது. மறுவருடம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அங்கே மனைப்பிரிவுச் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சி மன்றத்திடம் கொடுக்க வேண்டும். அதாவது, பிரச்சினையை வீடு கட்டும் நாளில் இல்லாமல், நிலம் வாங்கும் நாளிலேயே பிடிக்கப் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் வேறு மாதிரி யோசித்தது. நகர நிர்வாகம் ஏற்காத சாலையோரம் வீடு கட்ட, சாதாரணமாக அனுமதி இல்லை. நிர்வாகம் வாக்கெடுத்துச் சம்மதித்தால் கட்டலாம். ஆனால் ‘இந்தச் சாலையை நகரம் பராமரிக்காது, ஏதும் நேர்ந்தால் நகரம் பொறுப்பில்லை’ என்று நில உரிமையாளர் ஒப்புக்கொண்டு பத்திரப் பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும். கேட்க உறைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டை அடுத்து வாங்குகிறவர் பத்திரத்தைத் தேடும்போதே உண்மை அவர் கண்ணில் படும். ஏமாற இடமில்லை.

நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. நம் கிராண்டில் வெளிப்படை நிபந்தனை எழுதியிருக்கிறது; உரிமைக் கட்டுப்பாடு எழுதியிருக்கிறது. ‘இந்த நிலத்துக்குப் பதிவான சாலை இல்லை’ என்று இன்னும் ஒரு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்? 2003இல் அந்த வரி இருந்திருந்தால் எங்கள் அப்பா அதே நிலத்தை வாங்கியிருப்பார். ஆனால் தவுக்கே உயிரோடு இருக்கும்போதே அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கியிருப்பார். அன்றைக்கு அதற்கு ஒரு தட்டு முறுக்குதான் செலவாகியிருக்கும்.

போன மாதம் எங்கள் வழியுரிமை பதிவானது. பிளான் மறுபடியும் மன்றத்துக்குப் போயிருக்கிறது. அனுமதி வந்தாலும் அந்தப் பாதை தனியார் பாதைதான். கல் கொட்டுவதும் குழி அடைப்பதும் எங்கள் செலவு. குப்பையைத் தார் ரோடு வரை நாங்களே கொண்டுபோக வேண்டும். அம்மா இப்போதே அதற்கு ஒரு தள்ளுவண்டி பார்த்து வைத்திருக்கிறார்.

பதிவான கிராண்டை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இப்ப அந்த ரோடு யாரோடது?”

“நிலம் இன்னமும் தவுக்கே மகனோடதுதான்ப்பா. போய்வர்ற உரிமை நம்மளோடது.”

“முந்தியும் அப்படித்தானே இருந்துச்சு?”

“முந்தி அது தவுக்கே மனசுல இருந்துச்சுப்பா. இப்ப கிராண்ட்ல இருக்கு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கிராண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.